பல் செய்து பிழைத்தவர்கள்



நம் பள்ளியில் படித்த ஒருவர் இப்போது டெண்டல் லேப் நடத்துகிறார். "சார், எங்கள் தொழிலுக்கு வரலாறு என்று ஏதாவது உண்டா? இதில் லாபம் பார்த்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள்?" என்று கேட்டிருந்தார். கேள்வி எனக்குப் பிடித்துப்போயிற்று. படித்ததையும் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பதிவு நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் டெண்டல் லேப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக. பல் டாக்டர் நம் வாயில் அளவு எடுக்கிறார் அல்லவா? அந்த அளவை வைத்துக் கேப், பிரிட்ஜ், பல்செட் எல்லாம் அவரே செய்வதில்லை. அது ஒரு லேபுக்குப் போகும். அங்கே பிளாஸ்டரில் அச்சு வார்த்து, மெழுகில் வடிவம் செய்து பார்த்து, பிறகு உலோகத்திலோ பீங்கானிலோ பிளாஸ்டிக்கிலோ பல்லைச் செய்து, தேய்த்து மெருகேற்றி டாக்டருக்கே அனுப்புவார்கள். பெரும்பாலும் பல் போடுபவர் லேப்காரரைப் பார்த்திருக்க மாட்டார். லேப்காரரும் அவரைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அவர் சாப்பிடுவதும் பேசுவதும் சிரிப்பதும் லேப்காரரின் கையில் இருக்கிறது. "பல் போனால் சொல் போச்சு" என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

பொய்ப்பல் கட்டும் வேலை மிகப் பழையது. இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கர்கள் 2500 ஆண்டுகளுக்கு முன்பே தங்கப் பட்டையில் பல்லைப் பொருத்தி வாயில் கட்டிக்கொண்டார்கள். ஜப்பானில் வாகயாமா பகுதியில் 1538ல் இறந்த ஒரு புத்தத் துறவிப் பெண்ணின் மரப் பல்செட் கிடைத்திருக்கிறது. ஒரே மரத்துண்டில் குடைந்து செய்தது. புத்தர் சிலை செதுக்கும் கைகளுக்கு அது முடியாத வேலை இல்லை.

ஐரோப்பாவில் 1728ல் பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர் பெரிய நூல் ஒன்றை எழுதினார். மேல்செட்டு கீழே விழாமல் இருக்க ஸ்பிரிங் வைக்கும் முறை அதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் பல்செட்டு யானைத் தந்தத்திலும் நீர்யானைப் பல்லிலும் செதுக்கப்பட்டது. இவை வாயின் ஈரத்தில் அழுகும், நாற்றமடிக்கும். விலையோ பிரபுக்களுக்கு மட்டும்தான் கட்டும். பார்க்க இயல்பாக இருக்க வேண்டுமானால் மனிதப் பல்லே வேண்டும். அது எங்கிருந்து வரும்? இல்லாதவன் வாயிலிருந்துதான்.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1789ல் பதவி ஏற்றபோது அவருக்குச் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவருடைய பல்செட்டு மரத்தால் ஆனது என்று பலர் சொல்வார்கள். அது கட்டுக்கதை. தந்தம், உலோகம், மாட்டுப் பல், மனிதப் பல் எல்லாம் கலந்து செய்தவை அவை. அவருடைய 1784ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் ஒரு வரி இருக்கிறது. பல் மருத்துவர் ஒருவரின் கணக்கில், 9 பற்களுக்காகக் கறுப்பின மக்களுக்கு 6 பவுண்டு 2 ஷில்லிங் கொடுத்ததாக அந்த வரி சொல்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஆக மொத்தம் 122 ஷில்லிங். ஒன்பதால் வகுத்தால் ஒரு பல்லுக்குப் பதினான்கு ஷில்லிங்கூட வரவில்லை. அதே மருத்துவர் பல் விற்க வருவோருக்கு 2 கினி, அதாவது 42 ஷில்லிங் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்தவர். அடிமைத் தோட்டத்து மக்களின் பல்லுக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு. இந்தத் தொழிலின் முதல் லாபக் கணக்கு இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்து 1815 ஜூன் 18, வாட்டர்லூ போர். நெப்போலியன் தோற்ற அந்த ஒரே நாளில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் நாற்பதாயிரத்துக்கு மேல். மாண்டு கிடந்த இளம் வீரர்களின் வாயிலிருந்து பற்களைப் பிடுங்கி வியாபாரிகள் லண்டனுக்கு அனுப்பினார்கள். "வாட்டர்லூ பற்கள்" என்றே அவற்றுக்குப் பெயர் வந்துவிட்டது. வயதானவனின் சொத்தைப் பல் இல்லை, இருபது வயதுப் பையனின் பல் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். எழுதவே மனசு கூசுகிறது.

இந்தக் கொடுமைக்கு மாற்றுத் தேடியவர்களும் இருந்தார்கள். பாரிஸ் நகரத்து மருந்துக்கடைக்காரர் அலெக்ஸி டுஷாத்தோ. தந்தப் பல்செட்டின் நாற்றம் தாங்காமல் 1774 வாக்கில் பீங்கானில் ஒன்று செய்து பார்த்தார். சூளையில் வைத்தால் பீங்கான் சுருங்கும். ஆகவே அளவு கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அவரோடு சேர்ந்து வேலை பார்த்த டுபுவா த ஷெமான் அந்த முறையைச் செப்பம் செய்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் லண்டனுக்கு வந்து 1791ல் அங்கே காப்புரிமையும் வாங்கிவிட்டார். 1808ல் பாரிஸில் இருந்த இத்தாலியர் ஃபோன்சி, செட்டாக இல்லாமல் தனித்தனிப் பீங்கான் பற்களைச் செய்து, ஒவ்வொன்றிலும் பிளாட்டினக் கம்பி வைத்தார். இந்தத் தனிப்பல் யோசனைதான் தொழிலைத் திருப்பிப் போட்டது. ஒருவருக்காகச் செய்வதை விட்டு, அளவு வாரியாக, நிறம் வாரியாக ஆயிரக்கணக்கில் செய்து பெட்டியில் வைத்து விற்கலாம் என்று ஆயிற்று.

அதை நன்றாகப் புரிந்துகொண்டவர் லண்டனில் கிளாடியஸ் ஆஷ். பரம்பரையாகத் தங்கம் வெள்ளி வேலை. 1820 வாக்கில் பல்செட்டுப் பக்கம் வந்தார். பீங்கான் பல்லின் நடுவில் ஒரு குழாய்போல் துளை விட்டு, அதை உலோகக் கம்பியில் மாட்டும் பல்லை அவர் கொண்டுவந்தார். கழன்றால் மாற்றிக்கொள்ளலாம். ஒரு பல் உடைந்தால் செட்டையே தூக்கிப்போட வேண்டாம். ஆஷ் கம்பெனி ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தன் பெயரில் நின்றது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் 1844ல் சாமுவேல் ஸ்டாக்டன் ஒயிட் பீங்கான் பல் வியாபாரம் தொடங்கினார். அவர் பல் விற்றதோடு நிற்கவில்லை. 1859 முதல் அவருடைய நிறுவனம் "டெண்டல் காஸ்மோஸ்" என்ற மாதப் பத்திரிகையை நடத்தியது. பல் டாக்டர்கள் தங்கள் அனுபவத்தை அதில் எழுதினார்கள். பல் விற்பவர் பல் வைத்தியத்தையே வளர்த்தார். வாங்குபவர் வேலை தெரிந்தவராக இருந்தால்தான் விற்பவர் பிழைப்பார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பற்கள் மலிந்தன. ஆனால் அவற்றைப் பதிக்கும் தட்டு? அது இன்னும் தங்கம்தான். தங்கத் தட்டை ஈறுக்குப் பொருந்தும்படி தட்டி வளைக்க வேண்டும். தொழிலாளியும் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். இங்கேதான் ரப்பர் வருகிறது.

சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்டதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1844ல் காப்புரிமை வாங்கினார். அவருடைய தம்பி நெல்சன் குட்இயர், கந்தகத்தை அதிகம் சேர்த்துக் கெட்டியான ரப்பர் செய்து 1851ல் காப்புரிமை பெற்றார். இதற்கு வல்கனைட் என்று பெயர். மெத்தென்று இருக்கும்போது அச்சில் அழுத்தி, ஆவிப் பாத்திரத்தில் வேக வைத்தால் ஈறின் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் பொருந்திக் கல்லாக இறுகும். தங்கத்தோடு ஒப்பிட்டால் விலை கொஞ்சம்தான். இதற்குச் சற்று முன்பு, 1846ல், பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்து வந்திருந்தது. வலிக்குப் பயந்து கெட்ட பல்லை வைத்துக்கொண்டு அல்லாடியவர்கள் துணிந்து பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கினால் பல் கட்ட வேண்டும் அல்லவா? தச்சரும் தையல்காரரும் பல்செட்டு போடும் காலம் வந்தது.

அதே நேரத்தில் ஒரு வழக்கும் வந்தது. பாஸ்டனைச் சேர்ந்த ஜான் கம்மிங்ஸ் என்ற பல் மருத்துவர், வல்கனைட்டில் பல்செட்டுத் தட்டு செய்யும் முறைக்குக் காப்புரிமை கேட்டு 1850களிலேயே விண்ணப்பித்திருந்தார். நிராகரித்தார்கள். தொடர்ந்து போராட அவரிடம் பணம் இல்லை. கடைசியில் 1864ல்தான் கிடைத்தது. அந்த உரிமை குட்இயர் டெண்டல் வல்கனைட் கம்பெனியின் கைக்குப் போயிற்று. கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன்.

பேக்கன் பல் செய்யவில்லை. பல் செய்பவர்களிடம் பணம் வாங்கினார். வல்கனைட்டைத் தொடும் ஒவ்வொரு பல் மருத்துவரும் ஆண்டுக்கு 25 முதல் 100 டாலர் வரை உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். செய்யும் ஒவ்வொரு செட்டுக்கும் தனியாக ஒரு தொகை. கட்டாதவர்கள் மேல் வழக்கு. அவரே ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்து நீதிமன்றத்துக்கு இழுத்தார். பாஸ்டன் பல் மருத்துவர் ஒருவரின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1877ல் கம்பெனி பக்கமே தீர்ப்பானது. சட்டப்படி பேக்கன் சொன்னது சரி.

சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர் இந்தக் கட்டணத்துக்கு அடங்காதவர். டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில் தொழில் செய்தவர். வழக்குத் துரத்த, ஊர்விட்டு ஊர் போய்க் கடைசியில் நாட்டின் மறுகோடியில் சான் பிரான்சிஸ்கோவில் கடை போட்டார். பேக்கன் அங்கேயும் வந்துவிட்டார். 1879 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை. பேக்கன் தங்கியிருந்த பால்ட்வின் ஹோட்டல் அறைக்குச் சால்ஃபன்ட் போனார். பேச்சு முற்றியது. கையில் துப்பாக்கி இருந்தது. வெடித்தது. பேக்கன் இறந்தார். மிரட்டத்தான் எடுத்தேன், தானாக வெடித்துவிட்டது என்றார் சால்ஃபன்ட். பத்தாண்டு சிறை. இரண்டே ஆண்டில், 1881ல், கம்மிங்ஸ் காப்புரிமையின் காலம் முடிந்தது. பிறகு யாரும் யாருக்கும் கட்டணம் கட்ட வேண்டியிருக்கவில்லை.

கொலையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் இதில் வியாபாரம் செய்பவர்கள் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆஷும் ஒயிட்டும் பல் டாக்டருக்கு ஒரு சிரமத்தைக் குறைத்துக் கொடுத்துப் பணம் வாங்கினார்கள். பேக்கன் ஒரு வாசலை மறித்து நின்று பணம் வாங்கினார். இரண்டிலும் லாபம் வந்தது. முதல் வகை தலைமுறை தாண்டியது. இரண்டாவது, காப்புரிமைத் தாளில் போட்டிருந்த தேதி வரைதான்.

அந்தக் காப்புரிமை தீர்ந்த சில ஆண்டுகளுக்குள், 1880களில், அதே பாஸ்டனில் ஸ்டோ என்பவர் ஒரு பட்டறை தொடங்கினார். அதுவரை அமெரிக்கப் பல் மருத்துவர் தன் பின்னறையிலேயே பல்செட்டு செய்துகொள்வார். அல்லது ஒரு உதவியாளை வைத்துக்கொள்வார். ஸ்டோவின் பட்டறையோ பல டாக்டர்களுக்குப் பொதுவானது. "நீங்கள் நோயாளியைப் பாருங்கள், செட்டை நாங்கள் செய்து தருகிறோம்" என்ற ஏற்பாடு. அமெரிக்காவின் முதல் வணிக டெண்டல் லேப் என்று இதைத்தான் சொல்கிறார்கள். இன்று தெருவுக்குத் தெரு இருக்கும் லேப்களுக்கு அது முன்னோடி.

இந்த ஏற்பாட்டில் லாபம் எங்கே வருகிறது? கருவிகளை ஒருவர் வாங்கிப் பலருக்கு உழைக்க வைப்பதில் வருகிறது. ஒரே வேலையைத் தினமும் செய்து கை தேர்வதில் வருகிறது. எங்கே போகிறது? திரும்பி வரும் வேலையில் போகிறது. புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு லேப் மாதம் 100 கேப் செய்கிறது. ஒன்றுக்கு 1000 ரூபாய் வாங்குகிறது, 800 ரூபாய் செலவு. மாத லாபம் 20,000. இப்போது பத்துக் கேப் பொருந்தாமல் திரும்பி வந்துவிட்டது. அவற்றை இலவசமாகத்தான் செய்து தர வேண்டும். 8000 செலவு. மீதி 12,000. பத்தில் ஒன்று கெட்டால் லாபத்தில் பத்தில் நான்கு போய்விடுகிறது. நோயாளியின் இன்னொரு நாள் சம்பளமும், டாக்டரின் நம்பிக்கையும் இந்தக் கணக்கில் வரவில்லை. ஆகவே விலையை நூறு ரூபாய் குறைத்து ஆள் பிடிப்பதைவிட, அளவு சரியில்லாமல் வந்தால் "டாக்டர், இன்னொரு அளவு எடுத்து அனுப்புங்கள்" என்று போன் செய்யும் லேப்தான் நிற்கும்.

இருபதாம் நூற்றாண்டிலும் பழைய கதை ஒரு முறை நடந்தது. 1907ல் சிகாகோவின் வில்லியம் டாகர்ட், மெழுகில் வடிவம் செய்து, அதைச் சுற்றி அச்சு பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் குழியில் தங்கம் வார்த்துப் பல் அடைப்புச் செய்யும் முறையைக் காட்டினார். நம் ஊர் ஸ்தபதிகள் சோழர் காலத்திலிருந்து பஞ்சலோகச் சிலை வார்க்கும் அதே மெழுகு முறை. இதனால் கேப்பும் அடைப்பும் துல்லியமாக வந்தன. பல் உலகம் அவரைக் கொண்டாடியது. அவரும் கட்டணம் கேட்டு வழக்குப் போட்டார். அவருக்கு முன்பே, 1897ல், ஐயோவாவில் ஃபில்புரூக் என்ற பல் மருத்துவர் இதே முறையைப் பற்றிச் சொல்லியிருந்தார். டாகர்ட்டின் உரிமை நிற்கவில்லை. முறை மட்டும் எல்லா லேப்களிலும் நின்றது.

1930களின் பின்பாதியில் அக்ரிலிக் பிளாஸ்டிக் வந்தது. வல்கனைட் கருஞ்சிவப்பாக இருக்கும். அக்ரிலிக் ஈறின் நிறத்திலேயே கிடைத்தது, வேலையும் சுலபம். பத்தே ஆண்டில் வல்கனைட்டை ஓரங்கட்டிவிட்டது. வல்கனைட் வேகவைக்க மட்டுமே தெரிந்தவர்கள் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று.

பிறகு 1948 ஜூலை 5. பிரிட்டனில் தொழிற்கட்சி அரசு எல்லாருக்கும் இலவச மருத்துவம் கொண்டுவந்தது. பல்செட்டும் இலவசம். பல ஆண்டுகளாகப் பொக்கை வாயோடு இருந்த ஏழைகள் வரிசையில் வந்து நின்றார்கள். அரசு போட்ட மதிப்பீட்டைச் செலவு தாண்டியது. 1951ல் நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல், பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதி விலையை மக்கள் கட்ட வேண்டும் என்றார். இலவச மருத்துவத்தை உருவாக்கிய அனாயரின் பெவன் அதை ஏற்காமல் அமைச்சர் பதவியைவிட்டு விலகினார். பின்னாளில் பிரதமரான ஹெரால்ட் வில்சனும் அவரோடு விலகினார். அந்த ஆண்டு அக்டோபர் தேர்தலில் தொழிற்கட்சி தோற்றது. தோல்விக்குக் காரணம் பல என்றாலும், பல்செட்டின் விலை ஒரு மந்திரிசபையையே பிளந்தது என்பது உண்மை. பல் இல்லாத ஏழைக்குப் பல் ஆடம்பரமா, தேவையா என்ற கேள்விதான் அங்கே நடுவில் நின்றது.

அதே 1948ல் நம் நாட்டில் பல் மருத்துவர்கள் சட்டம் வந்தது. பல் மருத்துவரோடு, பல் செய்யும் டெண்டல் மெக்கானிக்கையும் பதிவு செய்ய அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. பின்னறையில் பெயர் தெரியாமல் இருந்த தொழிலாளிக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைத்தது. 1953ல் சென்னையில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கி, அதுவே பின்னர் அரசு பல் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

இப்போது கம்ப்யூட்டர் காலம். 1970களின் தொடக்கத்தில் பிரான்சின் ஃபிரான்சுவா டுரே, பல்லை ஒளியால் அளந்து இயந்திரத்தால் கடைந்தெடுக்கலாம் என்று ஆய்வேட்டில் எழுதினார். 1985ல் சூரிச் பல்கலைக்கழகத்தில், நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே பக்கத்து இயந்திரத்தில் பீங்கான் அடைப்பைக் கடைந்து வைத்தார்கள். வேலை மறுபடி டாக்டரின் அறைக்கே திரும்பிவிடுமோ என்று லேப்காரர்கள் பயந்தார்கள். ஒரு பகுதி திரும்பியது. ஆனால் இயந்திரத்தை முதலில் வாங்கிக் கற்றுக்கொண்ட லேப்கள் வளர்ந்தன. கலிபோர்னியாவில் 1970ல் ஜிம் கிளைட்வெல் தொடங்கிய லேப் இன்று உலகின் மிகப் பெரிய லேப்களில் ஒன்று. இன்று நம் ஊர் லேபிலும் மெழுகு பிடிக்கும் கை ஒரு பக்கம், மவுஸ் பிடிக்கும் கை ஒரு பக்கம் இருக்கிறது.

இவ்வளவு தூரம் வந்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். தந்தம், மனிதப் பல், பீங்கான், ரப்பர், பிளாஸ்டிக், இப்போது ஜிர்கோனியா என்று பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பீங்கானும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் வந்த ஒவ்வொரு தடவையும் விலை இறங்கியது, அதுவரை பல் கட்ட முடியாத ஒரு கூட்டம் உள்ளே வந்தது. வருகிற கூட்டத்துக்குப் பல் செய்து கொடுத்தவர்கள் வாழ்ந்தார்கள். கதவில் நின்று வசூலித்தவர்களின் லாபம் நிலைக்கவில்லை.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. ஒரு காலத்தில் ஒருவர் சிரிப்பதற்காக இன்னொருவர் பொக்கையானார். பீங்கானைச் சுட்டவர்களும் ரப்பரை வேகவைத்தவர்களும் அதை நிறுத்தினார்கள். எந்தப் பாடப் புத்தகத்திலும் அவர்களுக்கு ஒரு பக்கம் இல்லை. அதனால்தான் இதை எழுதினேன்.

உங்களில் யார் வீட்டிலாவது பெரியவர்கள் பல்செட்டு போட்டிருந்தால், அது சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று கேளுங்கள். ஈறு நாளடைவில் சுருங்கும், செட்டு தளரும். "வயதாகிவிட்டது, போகட்டும்" என்று பலர் டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டு ரசம் சாதத்தோடு காலம் தள்ளுகிறார்கள். டாக்டரிடம் கூட்டிப் போனால் சரிசெய்துவிடலாம்.

டெண்டல் லேப் வேலையில் இருப்பவர்கள், அந்தக் காலத்து ரப்பர் பல்செட்டைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். நானும் தெரிந்துகொள்கிறேன்.

எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்